வேர்டு கோப்பிலிருந்து இணையப் பக்கம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஈரோடு மாவட்டத்தில் ஒரு பாசன சபை அலுவலகத்துக்கோ, சென்னிமலையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ, குலதெய்வக் கோயில் திருப்பணிக் குழுவின் செயலாளர் வீட்டுக்கோ சென்று பார்த்தால், ஆண்டறிக்கைகள், பொதுக்குழுத் தீர்மானங்கள், கோயில் வரலாறு, உறுப்பினர்களுக்கான அறிவிப்புகள் எல்லாம் வேர்டு கோப்புகளாகக் கணினியில் சேர்ந்திருப்பதைக் காணலாம். அவற்றை அச்சிட்டுப் பலகையில் ஒட்டுகிறார்கள், அல்லது பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஏ4 தாளுக்காக அமைத்த பக்கத்தைக் கைபேசியில் திறப்பவர், ஒவ்வொரு வரிக்கும் திரையைப் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கிறது. அதே செய்தி இணையப் பக்கமாக இருந்தால், திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும்; தேடுபொறியில் அகப்படும்; பார்வைக் குறைபாடு உள்ளவருக்குக் கைபேசியே வாசித்தும் காட்டும்.

வேர்டில் தட்டச்சு செய்யத் தெரிந்து, இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல். பற்றி எதுவும் தெரியாதவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்காக, கீழ்பவானி வாய்க்காலின் பாசனப் பரப்பான ஆயக்கட்டைச் சேர்ந்த ஒரு பாசன சபையின் ஆண்டறிக்கையை வைத்துக்கொள்வோம். பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கும் இந்த வாய்க்காலில், இரட்டைப்படை மதகுகளுக்கும் ஒற்றைப்படை மதகுகளுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடப்படுவதால், எந்த மதகு எப்போது திறக்கும் என்பதை வயலில் நின்றபடியே கைபேசியில் பார்க்க வேண்டிய தேவை விவசாயிகளுக்கு உண்மையாகவே இருக்கிறது. நமது அறிக்கையில் சில தலைப்புகள், ஒரு மதகு அட்டவணை, சில புகைப்படங்கள், வரவு செலவுக் கணக்கு ஆகியவை உள்ளன எனக் கொள்வோம்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோப்பை மாற்றும் செயல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மாற்றுவதற்கு முன் ஆவணத்தை ஒழுங்குபடுத்துவதுதான் வேலையின் பெரும்பகுதி. அதைத் தவிர்த்துவிட்டு நல்ல மாற்றி மென்பொருளைத் தேடி அலைபவர்கள், எந்த மென்பொருளிலும் மனநிறைவு அடைவதில்லை.

நகல் எடுத்தலும் பெயரிடுதலும்

மூலக் கோப்பைத் தொடாமல் அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். நகலின் பெயரை இடைவெளி இல்லாமல், சிறிய ஆங்கில எழுத்துகளில், சொற்களுக்கு இடையே சிறு கோடு இட்டு அமையுங்கள். தமிழில் பெயர் வைப்பதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் இணைய முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது, தமிழின் ஒவ்வொரு குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு கூடிய ஒன்பது எழுத்துகளாக விரியும் என்பதால், ‘மதகு’ என்ற ஒரு சொல்லே முகவரியில் முப்பத்தாறு இடங்களை அடைத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அத்தகைய முகவரி எளிதில் உடைந்துவிடுகிறது.

எழுத்து யூனிகோடுதானா?

தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். அதனால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு தரத்தில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த மாதத்தில், தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் பேஜ்மேக்கர் போன்ற அச்சு மென்பொருள்கள் யூனிகோடு தமிழை ஏற்காததால், டி.டி.பி. கடைகளில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களே நெடுங்காலம் புழங்கின. சங்கங்களின் பழைய அறிக்கைகளில் பல அப்படித் தட்டச்சு செய்யப்பட்டவை.

பழைய எழுத்துருவில் உள்ள கோப்பு, கணினியின் கணக்கில் தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான் அதில் சேமிக்கப்பட்டுள்ளன. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பாமினியில் புள்ளிக்கு உரிய இடம் ஆங்கில அரைப்புள்ளியின் இடம். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் இப்படிப்பட்ட பக்கம் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும்.

சோதிப்பது எளிது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை லதா என்றோ நிர்மலா யு.ஐ. என்றோ மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் பழைய குறியாக்கம். ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருப்பது வழக்கம் என்பதால், முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் அட்டவணையிலும் படக் குறிப்புகளிலும் அடிக்குறிப்புகளிலும் சோதித்துப் பாருங்கள்.

பழைய குறியாக்கத்தை யூனிகோடாக மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகள் உள்ளன. மாற்றும் முன், கோப்பில் உள்ள எழுத்துருவின் பெயரைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாமினியை வானவில்லாகக் கருதி மாற்றினால் கிடைப்பது குப்பையே. அடுத்த சிக்கல் ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு ஒட்டப்படும் வெறும் உரையில் எழுத்துருவின் பெயர் உடன் வராது; ஆகவே இயல்பான ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியையும் அது தமிழென்று எடுத்துக்கொண்டு சிதைத்துவிடும். ஆங்கிலப் பகுதிகள் குறைவாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் பதிலாக 9001, 9002 என ஓர் எண்ணை இட்டு, அசலைத் தனியே எழுதிவைத்து, மாற்றி முடிந்தபின் திரும்பப் பொருத்துவது பாதுகாப்பான வழி. எண்கள் உருமாறாமல் கடந்து வருகின்றனவா என்பதை முதலில் ஒரு வரியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் வரும் பிழைகள் சில, கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. பழைய தட்டச்சு முறையில் ரகரத்தின் இடத்தில் துணைக்காலை அடிக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. அதன் விளைவாக ‘ஏரி’ என்பது ‘ஏாி’ என்றும், ‘நீர்’ என்பது ‘நீா்’ என்றும் சேமிக்கப்பட்டிருக்கும். அச்சில் வேறுபாடு தெரியாது. ஆனால் ‘நீர்’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. வாசித்துக் காட்டும் மென்பொருளும் அச்சொல்லில் தடுமாறும். துணைக்காலை அடுத்துக் கொக்கியோ புள்ளியோ வருவது தமிழில் இல்லாத சேர்க்கை என்பதால், ‘ாி’ என்பதை ‘ரி’ ஆகவும், ‘ா்’ என்பதை ‘ர்’ ஆகவும் கோப்பு முழுவதும் தயக்கமின்றி மாற்றிவிடலாம். இந்தக் குறிகளைத் தனியே தட்டச்சு செய்ய இயலாவிட்டால், விண்டோஸில் உள்ள கேரக்டர் மேப்பிலிருந்து நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ‘மரம்’ என்பது ‘மாம்’ என்று நிற்கும் இடங்களைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஔகாரம் இன்னொன்று. ‘கௌரவம்’ என்பது ககரத்தின் முன் ஒற்றைக்கொம்பும் பின்னே ளகரமும் சேர்ந்து ‘கெளரவம்’ என்று இருக்கும். இதை மட்டும் ஒரே கட்டளையில் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வாய்க்காலில் பிடிபடும் கெளுத்தி மீன் ‘கௌுத்தி’ என்று உருக்குலைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

தோற்றத்தை விட்டு அமைப்பைத் தருதல்

அச்சுப் பக்கம் வரப்புக் கட்டிய வயல். அதில் எது எங்கே நிற்க வேண்டும் என்பதை நாமே வகுத்துவிடுகிறோம். இணையப் பக்கத்தில் எழுத்து, திரை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் பரவும். ஆகவே எந்த வரி எவ்வளவு பெரிது என்பதைவிட, எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்பதைத்தான் நாம் கணினிக்குச் சொல்ல வேண்டும்.

‘தலைவர் உரை’ என்று தட்டச்சு செய்து, அளவை 18 ஆக்கி, தடித்த எழுத்தாக்கி, நடுவில் நிறுத்தினால் மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. மாற்றி மென்பொருளுக்கோ அது பெரிய எழுத்தில் உள்ள இன்னொரு பத்தி, அவ்வளவே. அந்த வரியில் கர்சரை வைத்து, ஹோம் பட்டையில் உள்ள ஸ்டைல்ஸ் பகுதியில் ‘ஹெடிங் 2’ என்பதைச் சொடுக்குங்கள். அறிக்கையின் பெயருக்கு மட்டும் ‘ஹெடிங் 1’. பெரும்பிரிவுகளுக்கு ‘ஹெடிங் 2’. அவற்றின் உட்பிரிவுகளுக்கு ‘ஹெடிங் 3’. இடையில் ஒரு படியைத் தாண்டக் கூடாது. தலைப்பின் தோற்றம் பிடிக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். அதை இணையப் பக்கத்தில் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். வியூ பட்டையில் நேவிகேஷன் பேன் என்பதைத் திறந்தால், தலைப்புகள் மட்டும் ஒரு பொருளடக்கமாக இடப்புறம் வரிசையாகத் தோன்றும். அந்த வரிசையைப் படித்தாலே அறிக்கையின் போக்கு விளங்கினால், இந்தப் படி முடிந்தது.

பத்திகளுக்கு இடையே வெற்று வரிகளை நீக்குங்கள். இடைவெளிப் பட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தி நகர்த்திய எழுத்துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கையால் 1, 2, 3 என்று எழுதிய தீர்மானங்களை வேர்டின் எண் பட்டியலாக மாற்றுங்கள். பக்க எண், மேல்தலைப்பு, அடிவரி ஆகியவற்றுக்கு இணையத்தில் பொருளில்லை என்பதால் அவற்றை அகற்றலாம். அத்தோடு ‘7ஆம் பக்கம் பார்க்க’ போன்ற தொடர்களையும் தேடி, பிரிவின் பெயரைச் சொல்லும்படி திருத்த வேண்டும். டெக்ஸ்ட் பாக்ஸ், வேர்டுஆர்ட் ஆகியவற்றுக்குள் இருக்கும் எழுத்து, மாற்றும்போது பெரும்பாலும் தொலைந்துபோகும் அல்லது படமாகிவிடும். அதை வெளியே எடுத்து இயல்பான பத்தியாக்குங்கள். இரு ஓரங்களும் சமமாக நிற்கும்படி அமைத்த பத்திகளை இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைபேசியின் குறுகிய திரையில் இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு இடையே பெரும் பள்ளங்கள் விழும்.

அட்டவணை

மதகு எண், இருப்பிடம், ஆயக்கட்டு ஏக்கர், திறக்கும் நாள், மூடும் நாள் என்னும் ஐந்து நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை நம் அறிக்கையில் உள்ளது. பழைய கோப்புகளில் இவை பெரும்பாலும் டேப் விசையால் தள்ளித்தள்ளி எழுதப்பட்டிருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் பட்டையில் டேபிள் என்பதன் கீழ் ‘கன்வர்ட் டெக்ஸ்ட் டு டேபிள்’ என்பதைச் சொடுக்கினால் உண்மையான அட்டவணையாகும். முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள். அப்படிக் குறித்தால்தான், வாசிப்பு மென்பொருள் ஓர் எண்ணைச் சொல்லும்போது அது ஏக்கரா தேதியா என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

ஒன்றிணைத்த கட்டங்களைப் பிரித்துவிடுங்கள். இரட்டைப்படை மதகுகளையும் ஒற்றைப்படை மதகுகளையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தால், இரண்டு தனி அட்டவணைகளாக்கி ஒவ்வொன்றின் மேலும் ஒரு தலைப்பு இடுங்கள். தன் மதகுக்கான முறையைத் தேடும் விவசாயிக்குப் பத்து நெடுவரிசை அகல அட்டவணையைவிட இது பல மடங்கு பயன்படும். அட்டவணையைப் படம்பிடித்து ஒட்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள். படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது.

படங்களும் மறைந்திருக்கும் தகவல்களும்

வேர்டு 2007 முதல் வந்துள்ள கோப்பு வகை உண்மையில் ஒரு ஜிப் பொதி. நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே வேர்டு என்னும் அடைவில் மீடியா என்ற உட்கோப்புறையில் எல்லாப் படங்களும் தனித்தனியே கிடைக்கும். அவற்றை 1,200 பிக்சல் அகலத்துக்கு மிகாமல் சுருக்கிப் பொருளுள்ள பெயர் இடுங்கள். வேர்டிலேயே ஒவ்வொரு படத்தின் மீதும் வலது சொடுக்கி, ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ பெட்டியில் படம் காட்டுவதை ஒரு வரியில் எழுதுங்கள். ‘புகைப்படம் 3’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘கரை உடைந்த கொப்பு வாய்க்காலைச் சபை உறுப்பினர்கள் செப்பனிடுகிறார்கள்’ என்பது பயன்படும்.

ஆவணத்தில் வெளித்தெரியாத செய்திகளும் இருக்கும். வேர்டில் ஓரத்தை வெட்டிய படத்தில், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளே அப்படியே தங்கியிருக்கும். ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ சென்று வெட்டிய பகுதிகளை அழிக்கும் தெரிவை இட்டால்தான் அது நீங்கும். திருத்தக் குறிப்புகளும் எழுதியவரின் பெயரும் அவ்வாறே தங்கும். ஃபைல் பட்டையில் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ என்பதை இயக்கி அவற்றை அகற்றுங்கள். உறுப்பினர் பட்டியலில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவை இருந்தால் அந்தப் பட்டியலை இணையத்தில் ஏற்றவே கூடாது. சங்கத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பவர்கள் ஊர்க்காரர்கள். இணையப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மாற்றும் வழிகள்

வேர்டிலேயே ‘சேவ் அஸ்’ சென்று கோப்பு வகையில் ‘வெப் பேஜ், ஃபில்டர்டு’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வெறும் ‘வெப் பேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது கோப்பை மீண்டும் வேர்டில் திறப்பதற்கான குறிகள் அனைத்தையும் உள்ளே திணித்துப் பக்கத்தைப் பெருக்கிவிடும். சேமிக்கும் பெட்டியில் டூல்ஸ், வெப் ஆப்ஷன்ஸ், என்கோடிங் என்று சென்று, யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறையான யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வேர்டு ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் எண்ணாக எழுதிவைக்கக்கூடும். ‘அ’ என்பது 2949 என்ற எண்ணாகும். உலாவியில் தமிழாகத்தான் தெரியும். ஆனால் கோப்பைத் திறந்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த முயன்றால் எண்களைத் தவிர எதுவும் தெரியாது.

வேர்டு இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸில் திறந்து எச்.டி.எம்.எல். ஆகச் சேமிக்கலாம். கூகுள் டாக்ஸில் ஏற்றி ‘வெப் பேஜ்’ எனப் பதிவிறக்கினால் பக்கமும் படங்களும் ஒரு ஜிப் கோப்பாக வரும். இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்டுபிரஸில் தளம் வைத்திருப்பவர்களுக்கு மாற்றியே தேவையில்லை. ஸ்டைல் இட்டு ஒழுங்குபடுத்திய ஆவணத்தை நகலெடுத்து ஒட்டினாலே தலைப்புகளும் பட்டியல்களும் அட்டவணைகளும் அப்படியே வரும். அங்கே பக்கத்தின் பெயர் தனிப் பெட்டியில் எழுதப்படுவதால், ‘ஹெடிங் 1’ வரியை மட்டும் விட்டுவிட்டு ஒட்டுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பாண்டாக் என்னும் இலவச மென்பொருள். கலிஃபோர்னியாவில் மெய்யியல் பேராசிரியராக உள்ள ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்டது இது. சாளரமோ பட்டனோ இல்லாமல், கட்டளை வரியில் மூலக் கோப்பின் பெயரையும் உருவாக வேண்டிய கோப்பின் பெயரையும் எழுதி இயக்க வேண்டும். ‘ஸ்டாண்டலோன்’ என்ற தெரிவைச் சேர்த்தால் முழுப் பக்கமாகத் தரும். ‘எக்ஸ்ட்ராக்ட் மீடியா’ என்பதைச் சேர்த்தால் படங்களைத் தனிக் கோப்புறையில் எடுத்துவைக்கும். எழுத்தளவு, நிறம் போன்ற தோற்றச் செய்திகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்வதால், இது தரும் பக்கம் மிகத் தூய்மையாக இருக்கும். ஆண்டுக்கு ஓர் அறிக்கை மட்டுமே மாற்றுபவருக்கு இது அவசியமில்லை. பத்தாண்டு அறிக்கைகளை ஒருசேர மாற்ற வேண்டியவர் இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது தகும்.

கிடைத்த பக்கத்தைச் சீர்செய்தல்

கிடைத்த கோப்பை நோட்பேடில் திறந்து, முதற்பகுதியில் நான்கு செய்திகள் உள்ளனவா என்று பாருங்கள்: குறியாக்கம் யு.டி.எஃப்-8 என்ற அறிவிப்பு. பக்கத்தின் மொழி தமிழ் என்ற அறிவிப்பு. கைபேசித் திரைக்கு ஏற்ப அகலத்தை அமைக்கச் சொல்லும் ‘வியூபோர்ட்’ வரி. ‘டைட்டில்’ குறிக்குள் அறிக்கையின் பெயர். மொழி அறிவிப்பு இல்லாவிட்டால், வாசிப்பு மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். வியூபோர்ட் வரி இல்லாவிட்டால், பக்கம் கைபேசியில் மீண்டும் எறும்பு எழுத்தில்தான் தெரியும். இவ்வளவு உழைப்பும் வீணாகும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். அளவு 16 பிக்சலுக்குக் குறையாமல், வரி உயரம் எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். நம் எழுத்தில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் வருவதால், ஆங்கிலத்துக்கு வகுத்த நெருக்கமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. அட்டவணைகள் திரையைவிட அகலமாக இருந்தால், அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும்படி அமைக்கலாம்.

ஏற்றிய பின்

பக்கத்தையும் படக் கோப்புறையையும் உங்கள் இணையத்தளத்தில் ஒருசேர ஏற்றுங்கள். கோப்புறையை மறந்தால் படங்களின் இடம் வெறுமையாக நிற்கும். பிறகு உங்கள் கணினியில் பார்ப்பதோடு நில்லாமல், விலை குறைந்த ஒரு கைபேசியில், வைஃபை இல்லாமல் திறந்து பாருங்கள். உலாவியின் தேடல் பெட்டியில் ‘நீர்’, ‘ஏரி’, ‘பௌர்ணமி’ போன்ற சொற்களைத் தட்டச்சு செய்து அவை அகப்படுகின்றனவா என்று சோதியுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதியை இயக்கி ஓர் அட்டவணையையாவது கேட்டுப் பாருங்கள். இவற்றோடு, அறிக்கையை இதற்கு முன் பார்த்திராத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, அவருடைய மதகு திறக்கும் நாளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம், தலைப்போ அட்டவணையோ திருந்த வேண்டிய இடம்.

ஒருமுறை ஏற்றிய பக்கத்தின் முகவரியை மாற்றாதீர்கள். அடுத்த ஆண்டின் அறிக்கை புதிய கோப்பாக, ஆண்டு சேர்த்த பெயரோடு வரட்டும். பழையது தன் இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் அன்றே வேர்டு மூலத்திலும் திருத்துங்கள். இல்லையேல் மறுமுறை மாற்றும்போது பழைய பிழை திரும்பி வரும். திருத்திய தேதியைப் பக்கத்தின் மேற்புறத்தில், தலைப்பை அடுத்து ஒரு வரியாக எழுதுங்கள். அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்து முறை தேதிகள் தள்ளிப்போகும் ஆண்டுகளில், மடை திருப்பக் கிளம்பும் விவசாயி முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.